எட்டுப் பலகைகள்

ஃபெவ்ரோனியா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அறுத்த நுனியில் ஒரு முடிச்சுப் போட்டாள். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, அதைத் துணியின் உள்பக்கமாகத் தள்ளி மறைத்தாள். இதோடு ஆறு முடிச்சு.

சாவுத்துணியில் முடிச்சு இருக்கக் கூடாது. ஊசி முன்னாலேயே போக வேண்டும், திரும்பி வந்து குத்தக் கூடாது. முடிச்சு விழுந்தால் போகிற உயிர் அதில் மாட்டிக்கொண்டு தவிக்கும். சிலுவைக்குறியை இரண்டு விரலால் போடுவதா, மூன்று விரலால் போடுவதா என்ற சண்டையில் ஜார் மன்னனுக்குத் தப்பி, முந்நூறு வருஷத்துக்கு முன்னால் பெய்ப்சி ஏரியின் மேற்குக்கரைக்கு ஓடிவந்தவர்கள் நாங்கள். எங்கள் ஊர்களில் நடை பழகும் பிள்ளைக்குக்கூட இந்த முடிச்சு விஷயம் தெரியும். ஊருக்கே ஜெபம் வாசிக்கிற ஃபெவ்ரோனியாவுக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதான் போட்டாள்.

அடுத்த அறையில் அவள் அண்ணன் கொந்த்ராத் மூச்சுக்குத் திணறிக்கொண்டிருந்தார். எழுபத்து நான்கு வயது. காலையில் எஸ்தோனிய நர்ஸம்மா வந்து ஊசி போட்டுவிட்டு, அடுக்களையில் உட்கார்ந்து தேநீர் குடித்தாள். "பொழுது சாயறவரைக்கும் தாங்கறது கஷ்டம். சொல்ல வேண்டியவங்களுக்குச் சொல்லிருங்க" என்று தன் கடித்துக் கடித்துப் பேசும் ரஷ்ய மொழியில் சொல்லிவிட்டுப் போனாள். அவள் குடித்த கோப்பையைக் கொந்த்ராத்தின் மனைவி லுகேரியா தனியாகக் கழுவி, வெளியாட்களுக்கென்று இருக்கும் தட்டில் கவிழ்த்து வைத்தாள். புருஷன் சாகக் கிடக்கும்போதும் அவள் ஆசாரத்தில் ஒரு குறையும் வைக்கவில்லை.

"ஃபெவ்ரோனியா, உன்னைக் கூப்பிடறாரு" என்றாள் லுகேரியா, கையைத் துடைத்தபடி.

"தச்சு முடிச்சுட்டு வரேன் அண்ணி."

"அதுக்குள்ள போயிட்டார்னா?"

"போனா போட்டுக்கத்தானே தைக்கிறேன்."

லுகேரியா வெங்காயம் உரிக்க உட்கார்ந்தாள். ஃபெவ்ரோனியா இன்னும் நான்கு தையல் போட்டாள். அப்புறம் ஊசியைத் துணியிலேயே குத்திவைத்துவிட்டு எழுந்து போனாள்.

கொந்த்ராத் ஜன்னலைப் பார்த்துப் படுத்திருந்தார். ஜன்னலுக்கு வெளியே வெங்காயப் பாத்திகள், அதற்கப்பால் நாணல், அதற்கும் அப்பால் ஏரி. ஜூன் மாதத்து ஏரி, காற்றில்லாமல் கிடந்தது. பாதி ஏரி இப்போது ரஷ்யா, வேறு நாடு. ஏழெட்டு வருஷமாகத் தண்ணீரில் மிதவை போட்டு எல்லை காட்டுகிறார்கள். மீனுக்கு அது தெரியாது, எங்கள் கிழவர்களும் ரொம்ப நாள் தெரியாத மாதிரிதான் இருந்தார்கள்.

"தங்கச்சி" என்றார் கொந்த்ராத். "கிறிஸ்துவுக்காக என்னை மன்னிச்சிரு."

சாகிறவர் இப்படிக் கேட்பதும், கேட்கப்பட்டவர் 'கடவுள் மன்னிப்பார், என்னையும் மன்னிச்சிரு' என்று சொல்வதும் வழக்கம். காலையிலிருந்து ஊரில் பதினோரு பேர் வந்து அப்படிச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அதைச் சொல்ல யாருக்கும் அரை நிமிஷத்துக்கு மேல் ஆகவில்லை.

"எதுக்கு?" என்றாள் ஃபெவ்ரோனியா.

"எல்லாத்துக்கும்."

"எல்லாத்துக்கும்னு ஒண்ணு கிடையாது அண்ணே. எதுக்குன்னு சொல்லு."

அவர் கண்களை மூடிக்கொண்டார். தொண்டையில் ஏதோ கொரகொரத்தது.

"பேரைச் சொல்லு. ஒரே ஒரு பேரு. நான் போய்ப் பக்கத்து வீட்டு ஸ்தெபனீதாவையும் மத்தவங்களையும் கூட்டிட்டு வரேன். அவங்க முன்னாடி சொல்லு. அப்புறம் நான் சொல்ல வேண்டியதைச் சொல்றேன்."

"மன்னிச்சிரு" என்றார் இரண்டாம் தடவை.

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவசரமே இல்லாமல் உட்கார்ந்தாள். முப்பத்தோரு வருஷம் காத்திருந்தவளுக்கு இன்னும் ஒரு மணி நேரம் பெரிய காரியமா? சுவர்க் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. கொந்த்ராத் மூன்றாம் தடவையும் கேட்டார். அவள் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். இரண்டரை மணிக்கு மூச்சு நின்றது.

ஃபெவ்ரோனியா கடிகாரத்தை நிறுத்தினாள். கண்ணாடியைத் துணியால் மூடினாள். பிறகு அடுக்களைக்குப் போய், விட்ட இடத்திலிருந்து தைத்தாள்.

*

அவள் புருஷன் எர்மொலாய் செத்தது மார்ச் மாதத்தில், ஏரி உறைந்திருந்தபோது. கொந்த்ராத் அப்போது அரசாங்க மீன்பிடிக் கூட்டுப்பண்ணையின் குழுத் தலைவர். பனிப்பாளத்துக்கு அடியில் வலை போட, குதிரை பூட்டிய சறுக்கு வண்டிகளில் ஒன்பது பேர் போனார்கள். கரையிலிருந்து இரண்டு கிலோமீட்டரில் பாளம் நீளவாக்கில் வெடித்திருந்தது. வெடிப்பின்மேல் பலகைகளை அடுக்கித் தாண்டிப் போனார்கள். சாயங்காலம் எட்டுப் பேர் திரும்பி வந்தார்கள்.

எர்மொலாய் எங்கே என்று கேட்டதற்குக் கொந்த்ராத் சொன்னார்: "அவன் மத்தியானமே வலையை விட்டுட்டு அக்கரைக்காரங்களோட குடிக்கப் போயிட்டான். போதையில எங்கேயாவது விழுந்து கிடப்பான்."

எர்மொலாய் தேநீர் குடிப்பதே பாவம் என்கிற வீட்டில் பிறந்தவன். சிக்கரி வேரை வறுத்துப் பொடித்து, கொதிக்கவைத்துக் குடிப்பான். அதையும் சூடு ஆறட்டும் என்று வைத்து மறந்துவிடுவான். அவன் குடித்தான் என்று சொன்னால் ஏரி குடித்தது என்று சொன்ன மாதிரி.

அன்று சாயங்காலம் ஃபெவ்ரோனியா அண்ணன் வீட்டுக்கு ஓடினாள். வீட்டுச் சுவரில் எட்டுப் பலகைகள் சாத்தியிருந்தன. அவற்றிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு ஆள் அந்தப் பக்கம் இருக்கும்போது பலகை எப்படி இந்தப் பக்கம் வந்தது என்று கேட்டாள். "வீட்டுக்குப் போ. புத்தி தடுமாறிப் பேசறே" என்றார் அண்ணன்.

ஏப்ரல் கடைசியில் பனி உருகியதும், ஏரித் தீவுக்காரர்கள் நாணலில் உடலைக் கண்டெடுத்தார்கள். குடித்துச் செத்தவனுக்கு எங்களில் ஜெபம் பாடுவதில்லை. கல்லறைத் தோட்ட வேலிக்கு உள்ளே இடம் கிடையாது. எங்களுக்குப் பாதிரியார் கிடையாது, ஜெபம் நடத்துவது மூப்பர்தான். அன்றைய மூப்பர் நல்ல மனிதர்தான். ஆனால் யாருக்கு எந்த வலை, யாருக்கு எந்த வண்டி என்று கொந்த்ராத் கை காட்டின காலம் அது. தலைவர் வார்த்தைக்கு எதிராக ஒரு பொம்பிளையின் வார்த்தையை யார் எடுப்பார்கள்? எர்மொலாயை வேலிக்கு வெளியே, பாட்டு இல்லாமல், மாடு அடக்கம் பண்ணுகிற மாதிரி மண்ணுக்குள் வைத்தார்கள்.

அந்தக் கோடையில் ஃபெவ்ரோனியா மூப்பரிடம் போய்ப் பழைய புத்தகங்களை வாசிக்கச் சொல்லித்தரும்படி கேட்டாள். எழுத்து ஒரு வருஷம், பாட்டுக் குறிகள் மூன்று வருஷம். சாவு ஜெபம் முழுவதையும் புத்தகம் பார்க்காமலே பாடுகிற அளவுக்குப் படித்தாள். ஊர் அவளைப் பக்திமான் என்றது. அவள் ஊரைத் திருத்தவில்லை. மூப்பர் போனார், அவருக்குப் பிறகு வந்தவரும் போனார், படிக்கவேண்டிய பையன்கள் எல்லாம் பட்டணத்துக்குப் போனார்கள். கடைசியில் இந்தக் கரையில் நான்கு ஊருக்கும் சேர்த்து அந்தப் பாட்டுத் தெரிந்தது அவள் ஒருத்திக்குத்தான். ஒருநாள் அண்ணனுக்கு இது வேண்டியிருக்கும் என்பதற்காகத்தான் அவள் படித்தாள்.

*

உடலைக் கழுவிய பெண்கள் போன பிறகு, லுகேரியாவும் ஃபெவ்ரோனியாவும் சாவுத்துணியைப் போர்த்தினார்கள். தோளை இழுத்துவிடும்போது லுகேரியாவின் விரல் நின்றது. மறுபடி தடவினாள். துணியைப் புரட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு தையலாகத் தடவிக்கொண்டே பாதம் வரை போனாள்.

"ஒன்பது" என்றாள்.

"பதினொண்ணு. கழுத்துக்குப் பின்னால ரெண்டு இருக்கு."

லுகேரியா கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். "கூடப் பிறந்தவர்டி."

"எனக்கு ஞாபகம் இருக்கு அண்ணி. அவருக்குத்தான் மறந்துபோச்சு."

"பிரிச்சிரு."

"பிரிக்கிறேன். நாளன்னைக்கு ஜெப வீட்டுல நீங்க சொல்லுங்க. எல்லாரும் வந்து நின்னப்புறம் சொல்லுங்க."

"எனக்கு என்ன தெரியும்? நான் என்னத்தைச் சொல்ல?"

"உங்க வீட்டுச் சுவரு. உங்க வீட்டு முற்றத்துலதான் தண்ணி சொட்டிச்சு. நீங்கதான் அன்னைக்கு அதுமேல சாக்கைப் போட்டு மூடுனீங்க. நான் திரும்பிப் பார்த்தேன்."

லுகேரியா புருஷனின் கைகளைப் பார்த்தாள். தோல் ஜெபமாலை அவற்றுக்கு நடுவே வைக்கப்பட்டிருந்தது. "செத்தவரைக் கேவலப்படுத்தச் சொல்றியா?"

"என் புருஷனும் செத்தவர்தான்."

"நம்ம பையன் திரிஃபோன் காரு வச்சிருக்கான். பட்டணத்துல ஒரு மூப்பர் இருக்காராம்" என்றாள் லுகேரியா.

"அவரு ஆஸ்பத்திரியில இருக்காரு. போன வாரம் கால் எடுத்தாங்க. நான்தான் போய்ப் பார்த்துட்டு வந்தேன்." ஃபெவ்ரோனியா ஊசிப்பெட்டியை மூடினாள். "ஜூன் மாசம் அண்ணி. மூணு நாளைக்கு மேல வச்சிருக்க முடியாது. பாட்டு இல்லாம எடுத்துட்டுப் போறதுன்னா போங்க. வேலிக்கு வெளியே நிறைய இடம் கிடக்கு." ஊசிப்பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு, "உங்களுக்கும் எழுபது ஆச்சு. உங்களுக்கும் நான்தான் பாடணும்" என்றாள்.

பயமுறுத்தல்தான். அதை வேறு பேர் சொல்லி மெழுகுவதற்கு நான் வரவில்லை. லுகேரியா நெடுநேரம் அழுதாள். பிறகு கழுத்துச் சிலுவையை எடுத்து முத்தமிட்டு, சொல்வதாகச் சத்தியம் செய்தாள். வெளிச்சம் இருக்கும்போதே ஃபெவ்ரோனியா ஜன்னலோரம் உட்கார்ந்து பதினொரு முடிச்சையும் பிரித்து, துணியை ஒழுங்காகத் தைத்துக் கொடுத்தாள்.

*

மூன்றாம் நாள் ஜெப வீட்டில் முப்பது பேர் இருந்தார்கள். எங்கள் ஊருக்கு அது பெரிய கூட்டம். இடதுபக்கம் பெண்கள், தாடைக்குக் கீழே ஊசி குத்திய முக்காடுகளோடு. வலதுபக்கம் ஆண்கள். நடுவில் பெட்டி. அதன் தலைமாட்டில் கொந்த்ராத்தின் மகன் திரிஃபோன், வாத்து மாதிரி ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறி மாறி நின்றுகொண்டிருந்தான். நாற்பத்தைந்து வயதாகியும் சட்டைக் கழுத்து இறுக்கினால் அவனுக்கு நிற்கத் தெரியாது.

ஃபெவ்ரோனியா புத்தகத்தைத் திறக்காமல் லுகேரியாவைப் பார்த்தாள்.

லுகேரியா ஓர் அடி முன்னால் வந்தாள். தரையைப் பார்த்துக்கொண்டுதான் பேசினாள்.

"எர்மொலாய் குடிச்சிருக்கல. அவன் அக்கரைக்கும் போகல. கடைசி வலையை எடுத்துக்கிட்டிருந்தான். மேல்காத்து கிளம்புச்சு, வெடிப்பு அகலமாச்சு. பலகை தண்ணியில போயிரும்னு இவரு பயந்துட்டாரு. கூட்டுப்பண்ணைப் பலகை, தொலைஞ்சா தலைவர்தான் ஜவாப் சொல்லணும். அதனால, மத்தவங்க வண்டியோட முன்னால போனப்புறம், எடுத்துட்டாரு."

யாரோ இருமினார்கள். அவள் முடித்துவிட்டாள் என்று எல்லோரும் நினைத்தார்கள். ஃபெவ்ரோனியாவும் அப்படித்தான் நினைத்தாள். அவள் பேரம் பேசியது இவ்வளவுக்குத்தான்.

"அவன் அந்தப் பக்கம் வந்து நின்னுட்டிருந்தான்" என்றாள் லுகேரியா. "கையாட்டினான். இவரு பார்த்தாரு. ரெண்டு தடவை கையாட்டினான்னு தூக்கத்துல சொல்லுவாரு. போட்டிருந்தா வந்திருப்பான். பலகை எட்டுற தூரம்தான்."

"அம்மா, போதும்" என்றான் திரிஃபோன்.

"சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டேன்" என்று லுகேரியா பின்னால் போய் நின்றுகொண்டாள்.

ஃபெவ்ரோனியாவுக்கு இது தெரியாது. பலகை தெரியும், பொய் தெரியும். ஆனால் இத்தனை வருஷமும் அவள் மனசில் எர்மொலாய் எங்கோ தூரத்தில், கண்ணுக்கெட்டாத மூடுபனியில், யாரும் பார்க்காமல் தண்ணீருக்குள் போயிருந்தான். அண்ணனைப் பற்றி எவ்வளவோ கெட்டதாக நினைத்திருக்கிறாள். அண்ணன் நின்று பார்த்தார் என்று மட்டும் நினைத்ததில்லை. கூடப் பிறந்தவராயிற்றே என்று அந்த ஓர் இடத்தை அவளுடைய கோபம்கூட விட்டுவைத்திருந்தது.

எதிரே பெட்டி திறந்துதான் இருந்தது. நல்ல தையல், ஒரு முடிச்சு இல்லை. அவளே பிரித்துக் கொடுத்துவிட்டாள்.

"ஃபெவ்ரோனியா" என்று மெதுவாகக் கூப்பிட்டாள் பக்கத்தில் நின்ற ஸ்தெபனீதா. ஊரில் எல்லாக் கேள்வியையும் கேட்கிறவள் அவள்தான். "ஆரம்பிக்கலையா?"

"ஆரம்பிக்கிறேன். முதல்ல எர்மொலாய்."

"என்னது?"

"முப்பத்தோரு வருஷமா பாட்டுக்காகக் காத்திருக்கான். அவனுக்கு முழுசாப் பாடி முடிச்சிட்டு, அப்புறம் அண்ணன். மூத்த சாவு முதல்ல."

"ரெண்டும் சேர்ந்தா ஆறு மணி நேரம் ஆகுமே."

"நிக்க முடியாதவங்க உட்காரலாம். கடவுள் கோவிச்சுக்க மாட்டாரு."

திரிஃபோன் தாயின் முகத்தைப் பார்த்தான். சட்டைக் கழுத்துப் பொத்தானைக் கழற்றிவிட்டுக்கொண்டான்.

ஃபெவ்ரோனியா பாடினாள். ஒரு வரி விடவில்லை. மற்றச் சாவுகளுக்குக் களைப்பு வந்தால் சுருக்கிக்கொள்ளும் இடங்களைக்கூட இழுத்துப் பாடினாள். எர்மொலாயின் பெயர் வரவேண்டிய ஒவ்வோர் இடத்திலும் சத்தமாகச் சொன்னாள். அந்தப் பெயரை அந்த வீட்டுச் சுவர்கள் ஒருநாளும் கேட்டதில்லை. தரையில் விழுந்து கும்பிட வேண்டிய இடங்களில் எல்லோரும் விழுந்தார்கள், திரிஃபோனும் லுகேரியாவும்கூட. நடுவில் கொந்த்ராத் தன் முறைக்காகக் காத்துக்கிடந்தார். ஜன்னல் வழியாக வந்த ஓர் ஈ அவர் நெற்றியில் உட்கார்ந்தது. அதை விரட்ட லுகேரியா இரண்டு தடவை எழுந்து வரவேண்டியிருந்தது. பின்வீட்டில் கொதித்த மீன் சூப்பு ஆறி, திரும்பச் சுடவைத்து, மறுபடி ஆறியது.

ஃபெவ்ரோனியாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. சாவு வீட்டில் சந்தோஷமா என்று கேட்டால், ஆமாம், சந்தோஷம்தான். தொண்டை கிழிந்தது, முழங்கால் வலித்தது, சந்தோஷமும் இருந்தது. அதற்கு நடுவே, போட்டிருந்தால் வந்திருப்பான் என்கிற வார்த்தையும் விடாமல் குத்திக்கொண்டிருந்தது.

பிறகு அவள் ஒரு குவளைத் தண்ணீர் குடித்துவிட்டு, அண்ணனுக்கும் பாடினாள். கொடுத்த வார்த்தையை அவள் மீறவில்லை. கம்மிப்போன குரலில், ஒரே சீராக, பாத்திரம் தேய்க்கிற மாதிரி பாடி முடித்தாள்.

*

கல்லறைத் தோட்டம் ஏரியோரத்தில், பைன் மரங்கள் நிற்கும் மணல் மேட்டில் இருக்கிறது. பெட்டியைத் தோண்டிவைத்த குழிக்குப் பக்கத்தில் இரண்டு முக்காலிகளின்மேல் இறக்கி வைத்தார்கள். கொந்த்ராத்தின் அப்பா அம்மாவுக்குப் பக்கத்திலேயே குழி. நல்ல இடம். இறக்கும்போது பாட வேண்டிய கடைசிப் பாட்டு மட்டும் பாக்கி.

ஃபெவ்ரோனியா குழிக்கரைக்கு வரவில்லை. நேராக நடந்து, கம்பு வேலியைத் தாண்டி, வெளியே புல் மூடிக்கிடந்த மேட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"அத்தை, வாங்க. எல்லாரும் நிக்கிறாங்க" என்றான் திரிஃபோன்.

"வேலியைப் பிடுங்கு."

"இப்பவா?"

"அவன் மேல குத்தம் இல்லைன்னு உங்கம்மா சொல்லியாச்சு. பாட்டும் பாடியாச்சு. அப்புறம் ஏன் வெளியே கிடக்கான்? வேலியைத் தள்ளி நடு."

"நாளைக்குக் காலையில ஆள் கூட்டிட்டு வந்து நானே செய்யறேன் அத்தை. சத்தியமா."

"உங்கப்பா அவனைப் பிறகு கூட்டிக்கலாம்னுதான் விட்டுட்டு வந்திருப்பாரு" என்றாள் ஃபெவ்ரோனியா.

திரிஃபோன் தலையைத் தொங்கப்போட்டான். எர்மொலாய் செத்தபோது அவனுக்குப் பதினான்கு வயது. அந்தப் பலகைகளை மறுநாள் பண்ணைக்குத் திரும்ப வண்டியில் ஏற்றியது அவன்தான். கருப்புக் கோட்டைக் கழற்றி ஒரு சிலுவையின்மேல் மாட்டினான். குழி தோண்டியவர்களிடமிருந்து மண்வெட்டியை வாங்கிக்கொண்டு போய், முதல் கம்பை ஆட்டிப் பார்த்தான். உதவிக்கு வந்த இரண்டு பேரை வேண்டாம் என்று கையால் நிறுத்தினான்.

மூன்று கம்புகளைப் பிடுங்கினான். எர்மொலாயின் மேட்டை ஒட்டி வெளிப்பக்கமாகக் குழி போட ஆரம்பித்தான்.

"அங்கே இல்ல. இன்னும் தள்ளி" என்றாள் ஃபெவ்ரோனியா.

"எவ்வளவு?"

"ஒரு ஆள் அகலம்."

அவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அவனே காலால் அளந்து தள்ளிப்போய் நின்றான். அவள் சரி என்று தலையாட்டிவிட்டு, மேட்டின் ஓரமாக, அப்படி அளந்து விட்ட இடத்தில், புல்லில் உட்கார்ந்தாள். கால்களை நீட்டிக்கொண்டாள்.

ஏரியிலிருந்து காற்று கிளம்பியது. குழியோரம் குவித்திருந்த மணல் பறந்து கொந்த்ராத்தின் பெட்டி மூடிமேல் விழுந்தது. லுகேரியா அதை உள்ளங்கையால் துடைத்தாள். துடைக்கத் துடைக்க விழுந்தது. திரிஃபோன் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, இரண்டாவது கம்புக்குக் குழி தோண்டத் தொடங்கினான்.